வியாழக்கிழமை மாத்திரை

நெஞ்சக நோய்ப் பிரிவில் சேர்ந்த புதிதில் சார்காய்டோசிஸ் என்று எழுதக் கையே வராது. காரணம் இன்னதென்று தெரியாமல் நுரையீரலிலும் நெறிக்கட்டியிலும் வீக்கம் வரும் நோய் இது. எக்ஸ்ரேயில் நெறிக்கட்டி வீங்கியிருந்தால் நம் ஊரில் முதலில் டிபிதான் நினைவுக்கு வரும். வர வேண்டியதும் அதுதான். இரண்டு நோயிலும் திசுவில் கிரானுலோமா, அதாவது எதிர்ப்பு அணுக்கள் திரண்ட பொடிக் கட்டிகள், இருக்கும். ஆறு மாதம் டிபி மாத்திரை விழுங்கிவிட்டு, "இருமல் அப்படியேதான் சார் இருக்கு" என்று வருகிறவர்களில் சிலருக்குத்தான் இந்தப் பெயரை யோசிப்போம். அவசரப்பட்டு, டிபி உள்ளவருக்கு ஸ்டீராய்டை மட்டும் கொடுத்துவிட்டால் நோய் தலைவிரித்தாடும். அதனால் மூச்சுக்குழாய் வழியாக ஊசி செலுத்தி நெறிக்கட்டியிலிருந்து திசு எடுத்து, டிபி இல்லை என்று முடிந்தவரை உறுதிசெய்த பிறகே பேனாவைத் திறப்பேன்.

திறந்த பேனாவை மூடி வைப்பது அதைவிடக் கஷ்டம். நெறிக்கட்டி மட்டும் வீங்கியிருந்து, மூச்சு நன்றாக இருந்தால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தானாகவே வடிந்துவிடும். "மருந்து வேண்டாம், மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றால், "இவ்வளவு ஸ்கேன் எடுத்தீங்களே, ஒண்ணுமே எழுதலையா?" என்று கேட்பார்கள். எதையாவது எழுதிக் கொடுத்தால் நிம்மதியாகப் போவார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் எழுதுவதில்லை. கண், இதயம், ரத்தத்தில் கால்சியம் மூன்றையும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவேன்.

மூச்சு வாங்கி, ஊதும் சோதனையில் அளவும் குறைந்தால் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு. பல வருடம் பழக்கத்தில் 40 மில்லிகிராம் எழுதினேன். 2023இல் சண்டிகர் பிஜிஐ மருத்துவமனை மருத்துவர்கள் 86 பேரை வைத்து 40க்கும் 20க்கும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு வந்தது. கூடுதல் டோஸ் வாங்கியவர்களுக்கு நோய் திரும்புவது குறையவில்லை. அதன்பின் பெரும்பாலும் 20இல்தான் தொடங்குகிறேன். ஸ்டீராய்டோடு கண்ணை மூடிக்கொண்டு கால்சியம், வைட்டமின் டி எழுதும் வழக்கத்தையும் விட்டேன். இந்த நோயில் கிரானுலோமாவே வைட்டமின் டியைக் கிளப்பிவிடும், கால்சியம் எகிறும்.

போன வருடம் ஒரு தையல்கார அம்மா வந்தார். ஏற்கனவே சர்க்கரை, எடையும் அதிகம். முன்பென்றால் ஸ்டீராய்டு கொடுத்துவிட்டு இன்சுலினையும் ஏற்றியிருப்பேன். ஆனால் 2025இல் நெதர்லாந்திலிருந்து 138 பேரை வைத்துச் செய்த ஆய்வு வந்திருந்தது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட்டை முதல் மருந்தாகவே கொடுத்தாலும் 24 வாரத்தில் நுரையீரல் அளவு பிரட்னிசலோனுக்குச் சளைக்கவில்லை. ஸ்டீராய்டு சீக்கிரம் கேட்கும், எடையைக் கூட்டித் தூக்கத்தையும் கெடுக்கும். இது மெதுவாகக் கேட்கும், குமட்டும், கல்லீரலை அவ்வப்போது பார்க்க வேண்டும். இரண்டையும் சொன்னேன். "மெதுவாவே கேக்கட்டும் டாக்டர், சர்க்கரை ஏறாம இருந்தா சரி" என்றார்.

எழுதும்போது எனக்குத்தான் கை தயங்கியது. வாரம் ஒரே நாள் போடும் மருந்து இது. பல வருடங்களுக்கு முன் நான் ஒரு பெரியவருக்கு எழுதிய சீட்டில் மெத்தோட்ரெக்சேட்டும், அதன் பக்கவிளைவைக் குறைக்கும் போலிக் ஆசிட் என்ற வைட்டமினும் அடுத்தடுத்த வரியில் இருந்தன. இரண்டும் சின்ன மஞ்சள் நிற மாத்திரை. அந்தப் பெரியவர் மாற்றிப் புரிந்துகொண்டு மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் போட்டிருக்கிறார். பத்தாம் நாள் வாயெல்லாம் புண், வெள்ளணு தரைதட்டிய நிலையில் வந்து சேர்ந்தார். முறிவு மருந்து ஏற்றிப் பிழைத்தார். "நீங்க சொன்ன மாதிரிதானே சாமி போட்டேன்" என்று அவர் சொன்னபோது என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. சீட்டில் "வாரம் ஒரு முறை" என்று ஆங்கிலத்தில், என் கோழிக் கிறுக்கலில் இருந்தது.

இப்போது கிழமையைத் தமிழில் பெரிதாக எழுதுகிறேன். அதை நோயாளியே தேர்ந்தெடுக்க வேண்டும். தையல்கார அம்மாவிடமும் கேட்டேன்.

"வியாழக்கிழமை எழுதுங்க. தட்சிணாமூர்த்திக்கு விளக்குப் போடப் போவேன், மறக்காது."

"போலிக் ஆசிட் வேற நாள்லம்மா."

"அப்ப சனிக்கிழமை. பெருமாளுக்கு."

வியாழனுக்கு நான்கு, சனிக்கு ஒன்று என்று எழுதினேன். இரண்டு அட்டையையும் வாங்கிவந்து மேசையில் வைக்கச் சொன்னேன். அவர் கைப்பையிலிருந்து சிவப்பு நூல்கண்டை எடுத்து, வியாழக்கிழமை அட்டையில் சுற்றி முடிச்சுப் போட்டார்.