கீழேயிருந்து மேலே படித்த இறக்கம்

ஆடிச் சாரல் விட்டிருந்த ஒரு சாயங்காலம் சைக்கிளிலிருந்து விழுந்தேன். தோட்டத்து ஜீப் பாதையில் கறுப்பு ஹோஸ் ஒன்று குறுக்கே கிடந்தது. நேர்க்குறுக்காகக் கிடந்திருந்தால் சக்கரம் ஏறி இறங்கியிருக்கும். அது சாய்வாகக் கிடந்தது, மேலே மழை ஈரம் வேறு. முன்சக்கரம் ஹோஸோடு சேர்ந்து வழுக்க, நான் இடது பக்கமாகச் சாய்ந்தேன். தோள், அப்புறம் தலை. பாதையோரக் கல்லில் தலை பட்டபோது தேங்காய் உடைக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. உடைந்தது ஹெல்மெட்.

பூப்பாறைக்குப் பக்கத்தில் ஓர் ஏலத் தோட்டத்து ஸ்டோரில் கணக்கு எழுதுகிறேன். வீடு போடியில். திங்கள் காலை தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வரும் ஜீப்பில் போடிமெட்டு ஏறுவேன், சனிக்கிழமை இறங்குவேன். 17 கொண்டை ஊசி வளைவுகள், ஜீப் நிறைய ஆட்கள். நடுவில் வரும் நாட்களின் சாயங்காலம் என்னுடையது. அக்கா மகன் வெளியூர் வேலைக்குப் போகும்போது "சித்தி, சும்மா நிக்குறதுக்கு நீங்க ஓட்டுங்க" என்று தன் மவுன்டன் பைக்கை விட்டுப் போனான். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். 41 வயதில் அதில் ஏறினேன்.

ஸ்டோர் வாசலிலிருந்து கீழே தார் ரோடு வரை பாதை ஏறக்குறைய 400 மீட்டர். மேலே தண்ணீர்த் தொட்டி வளைவு, அதற்குக் கீழே ஹோஸ் கிடக்கும் இடம், பிறகு ஒரு சாண் உயரத்துக்குப் பாறைப் படி, அதையும் தாண்டினால் பலாமரத்து வளைவு, கடைசியில் நேர் இறக்கம். செம்மண், உருண்டைக் கல், சில்வர் ஓக் சருகு. சருகு காய்ந்திருந்தாலும் வழுக்கும், நனைந்திருந்தாலும் வழுக்கும்.

ஹெல்மெட் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விழுந்த வாரம் சனிக்கிழமை வீட்டில் நடந்த பேச்சே அதைப் பற்றித்தான். வெளி ஓட்டில் ஒரு கீறல் மட்டும். "இவ்வளவுதானே, நல்லாத்தானே இருக்கு" என்றார் கணவர். உள்ளே இருக்கும் மெத்தைத் துணியை உரித்துக் காட்டினேன். இடது காதுக்கு மேலே நுரையில் முடி அளவுக்கு ஒரு விரிசல், விரல் வைத்தால் அந்த இடம் லேசாக அமுங்கியிருப்பது தெரிந்தது. டிவி பெட்டிக்குள் வருமே தெர்மாகோல், அதே பொருள்தான், இன்னும் அடர்த்தியாக வார்த்தது. கல்லில் பட்ட வேகத்தைத் தான் நொறுங்கி வாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை. நொறுங்கியது திரும்பி எழாது. அதே இடத்தில் இன்னொரு அடி பட்டால் வாங்கிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. அதனால் வாரைக் கத்தரியால் வெட்டிவிட்டுத்தான் குப்பையில் போட்டேன். யாராவது எடுத்துப் பிள்ளைக்கு மாட்டிவிடக் கூடாது.

"என் பைக் ஹெல்மெட்டப் போட்டுக்கோ" என்றும் சொன்னார். அது ஒரு கிலோவுக்கு மேல் எடை. இறக்கம் இறங்கினால் திரும்ப ஏறியாக வேண்டும். அதைப் போட்டு மிதித்து ஏறினால் மூச்சு அடைக்கும். சைக்கிள் ஹெல்மெட் முன்னூறு, நானூறு கிராம்தான், காற்றுப் போகத் துளைகள் உண்டு. மவுன்டன் பைக்குக்கென்று வருவது பின்மண்டையில் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி மூடும்.

புதிது வாங்கும்போது மிப்ஸ் என்கிற அமைப்பு உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். ஸ்வீடனில் மூளை அறுவை மருத்துவர் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்டும் ஸ்டாக்ஹோமில் உள்ள கேடிஎச் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியாளர்களும் 1990களில் தொடங்கிய வேலை அது. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் அடுக்கு ஒன்று இருக்கும். தலை சாய்வாக மோதும்போது ஹெல்மெட் தலைமேல் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை நகர அது இடம் கொடுக்கும். மூளைக்குப் போகும் முறுக்கு குறையும். சைக்கிளிலிருந்து விழுகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செங்குத்தாக விழுவதில்லை. நானும் சாய்ந்துதான் விழுந்தேன்.

பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கொண்டை போட்டுக்கொண்டு ஹெல்மெட் மாட்டாதீர்கள். அது பின்னால் ஏறி நின்று நெற்றியைத் திறந்துவிடும். தாழப் பின்னிவிட்டு, புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடம் விட்டு மட்டமாக உட்கார வைக்க வேண்டும். பின்னால் உள்ள திருகை இறுக்கி, வாரைப் பூட்டாமலே தலையை ஆட்டிப் பாருங்கள். ஹெல்மெட்டோடு நெற்றித் தோலும் சேர்ந்து அசைந்தால் அளவு சரி. வார் காதுக்குக் கீழே வி வடிவில் சேர வேண்டும், தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் போக வேண்டும்.

ஆனால் அந்த அடி எனக்குக் காட்டிய விஷயம் வேறு. பழைய ஹெல்மெட் வந்த நாளிலிருந்தே நான் பிரேக்கைத் தளர்த்த ஆரம்பித்திருந்தேன். தலைக்குத்தான் பாதுகாப்பு இருக்கிறதே என்ற நினைப்பு. இ.என். 1078 என்கிற ஐரோப்பியத் தரச் சோதனையில் ஹெல்மெட்டைப் போலித் தலையில் மாட்டி ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து இரும்பின்மேல் போடுகிறார்கள். விழும் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. நின்ற இடத்தில் விழுகிற உயரம்தான் அது. நான் அந்த இறக்கத்தில் அதைவிட வேகமாக வந்துகொண்டிருந்தேன், ஹோஸை எப்படித் தாண்டுவது என்று தெரியாமலே.

இரண்டு வாரம் சைக்கிள் பக்கமே போகவில்லை. போனபோது ஸ்டோர் வாசலில் நின்று கீழே பார்த்தேன்; கை பிரேக்கை விட மறுத்தது. பயத்தோடு இறங்குவது இன்னும் ஆபத்து. உடம்பு விறைக்கும், கை நீளும், எடை முழுக்கப் பின்னால் போகும், முன்சக்கரம் மண்ணைப் பிடிக்காது. அதனால் அன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தார் ரோடு வரை இறங்கினேன். அங்கேதான் தோன்றியது: இந்தப் பாதையை நான் ஏன் மேலேயிருந்து படிக்க வேண்டும்?

ரோட்டிலிருந்து இருபதடி மட்டும் மேலே தள்ளிப் போய், ஏறி, இறங்கினேன். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், குதிகால் கொஞ்சம் தாழ, முழங்கையும் முட்டியும் மடங்கி, பிரேக்கில் கைக்கு ஒரு விரல். மூன்று தடவை பதறாமல் வந்த பிறகு இன்னொரு இருபதடி. எங்கே போய் முடியும் என்பது காலுக்கும் கைக்கும் முன்பே தெரிந்திருப்பதால் பயம் அந்தப் புது இருபதடியில் மட்டும் நின்றது. பலாமரம் வரை வர ஒன்பது நாள் ஆனது.

பலாமர வளைவில்தான் சிக்கல். ஒவ்வொரு தடவையும் வெளியோரத்தில் இருக்கும் அந்த ஒரே கல்லை நோக்கிச் சைக்கிள் போனது. ஆட்களுக்காக ஜீப்பை நிறுத்திக் காத்திருந்த டிரைவர் அண்ணன் இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். முப்பது வருஷமாக மெட்டு ஏறி இறங்குகிறவர்.

"தாயி, நீ கல்லப் பாத்துக்கிட்டே வர்ற. கண்ணு எங்க போகுதோ வண்டியும் அங்கதான் போகும். வளைவு முடியுற எடத்தப் பாரு. பிரேக்க வளைவுக்கு முன்னாடியே முடிச்சுரு."

அடுத்த தடவை கல்லை விட்டுவிட்டு, வளைவு தாண்டி ரோட்டோரம் நிற்கும் மைல்கல்லைப் பார்த்தேன். சைக்கிள் தானாகத் திரும்பியது போல இருந்தது. அன்று அதையே பதினொரு தடவை செய்தேன்.

ஹோஸ் இருக்கும் இடத்தை முதலில் நடந்து படித்தேன். ஆறடி முன்னாலேயே பாதையின் வலது ஓரம் போய்விட்டால் ஹோஸை நேர்க்குறுக்காக வெட்டலாம். அதன்மேல் இருக்கும்போது பிரேக்கைத் தொடக் கூடாது, திருப்பவும் கூடாது. இவ்வளவுதான். இது தெரிந்திருந்தால் ஆடியில் விழுந்திருக்க மாட்டேன்.

சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ஓட்டுவதில்லை, காலை மூடுபனி விலகாமல் கிளம்புவதும் இல்லை. சின்னக்கானல் பக்கத்திலிருந்து 2023-இல் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைப் பிடித்துக் கொண்டுபோய்விட்டார்கள், ஆனால் மற்ற யானைகள் இங்கேதான் இருக்கின்றன. யானை முன்னால் ஹெல்மெட்டுக்கு வேலை இல்லை.

ஐப்பசி கடைசியில் ஒரு சாயங்காலம். தொட்டி வளைவு, ஹோஸ், பலாமரம், நேர் இறக்கம். காய் எடுப்புக்கு வந்திருந்த அக்காமார் நாலைந்து பேர் ரோட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பாறைப் படியில் நான் இறங்கிச் சைக்கிளைத் தூக்கி வைத்துவிட்டுத் திரும்ப ஏறியதையும் பார்த்திருக்கிறார்கள். "அங்க மட்டும் ஏன் எறங்குன?" என்று ஒருவர் கேட்டார். "அது இன்னும் படிக்கலக்கா" என்றேன்.

படிக்கு அடியில் மண் இன்னும் ஈரம். தை பிறக்கட்டும், காய்ந்துவிடும். ஸ்டோர் முற்றத்தில் இரண்டு பலகையை அடுக்கி அதே உயரத்தில் ஒன்று போட்டு வைத்திருக்கிறேன். இப்போதைக்கு ஒரு பலகையிலிருந்துதான் இறங்குகிறேன்.