நாலு விரல் யாருடையது?

அக்குபங்சர் டிப்ளமோ செய்முறைத் தேர்வில் முதல் தடவை நான் கோட்டை விட்டது எஸ்டி 36 என்ற ஒரே ஊசிப் புள்ளியில். முட்டிச் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு குழி இருக்கிறதே, அங்கிருந்து மூன்று சூன் கீழே, முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் தள்ளி. மூன்று சூன் என்றால் நாலு விரல் அகலம். என் நாலு விரலை வைத்து அளந்து, பேனாவால் பொட்டு வைத்தேன். படுத்திருந்தவரோ ஆறடிக்கு மேல். தேர்வாளர் அவருடைய கையையே எடுத்து அவர் காலில் வைத்துக் காட்டினார். என் பொட்டு நன்றாக மேலே நின்றது. "நாலு விரல்னா யாரோட விரல்?" என்று மட்டும் கேட்டார்.

சூன் என்பது நோயாளியின் உடம்பிலிருந்தே எடுக்கிற அளவு. எழுத்துத் தேர்வில் இதையே எழுதி மார்க் வாங்கியவன்தான் நான். கைக்குத்தான் அது தெரியவில்லை. 361 புள்ளிகளையும் தூக்கத்தில் ஒப்பிக்கிறவர்கள்கூட மாட்டிக்கொள்வது இங்கேதான். சீனாவில் இந்தத் தேர்வுக்குப் பெரிய வரலாறே உண்டு. 1027-இல் வாங் வெய்யி வெண்கலத்தில் மனித உருவம் வார்த்துப் புள்ளிகளில் துளையிட்டார். மேலே மெழுகு பூசி, உள்ளே தண்ணீர் நிரப்பி, மாணவர்களைக் குத்தச் சொல்வார்களாம். சரியான இடமென்றால் நீர் கசியும். எனக்கு அன்று ஒரு சொட்டுகூட வந்திருக்காது.

அடுத்த தடவைக்குத் தையல் சாமான் கடையில் இலாஸ்டிக் நாடா வாங்கி, சமமாக 12 பாகம் கோடு போட்டேன். முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை 12 சூன். நாடாவை அந்த நீளத்துக்கு இழுத்துப் பிடித்தால், பையன் கையோ பயில்வான் கையோ, கோட்டுக்குக் கோடு ஒரு சூன். வீட்டில் அகப்பட்டவர்கள் கையிலெல்லாம் பிசி 6 என்ற புள்ளியைத் தேடினேன். மணிக்கட்டு மடிப்பிலிருந்து இரண்டு சூன் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே. கையை லேசாக மடக்கினால் நாண்கள் எழும்பும். அத்தைக்கு ஒன்றுதான் எழும்பியது. பயந்துவிட்டேன். சிலருக்குப் பிறவியிலேயே ஒரு நாண் இருக்காது என்று அப்புறம்தான் படித்தேன்.

எஸ்டி 36-க்கு இப்போது இரண்டு வழியில் சரிபார்க்கிறேன். முன்னெலும்பின் மேல் கட்டைவிரலைக் கீழிருந்து மேலே வழித்துக்கொண்டு போனால், முட்டிக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்து விரலைத் தடுக்கும். அந்த மட்டமும் நாலு விரல் கணக்கும் ஏறக்குறைய ஒத்துவந்தால் சரி.

ஊசிப் பழக்கத்துக்குச் சாத்துக்குடி போதும். தோலைத் தாண்டும்போது விரலில் ஒரு விடுபடல் தெரியும். பிறகு ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொந்தக் காலில். சுருக்கென்று வலித்தால் கோணமோ வேகமோ தப்பு. பாரமாக, லேசாக மரத்தாற்போல வந்தால் அதைத்தான் சீனத்தில் 'தே சி' என்கிறார்கள். டுய்னா என்ற, உடம்பைப் பிடித்துவிடும் சீன முறையில், புறங்கையால் உருட்டுவதை அங்கே மணல் பையில் பழகுவார்கள். நான் ஐந்து கிலோ அரிசிப் பையில் பழகினேன், அம்மா திட்டத் திட்ட. மணிக்கட்டு தளராவிட்டால் ஐந்தே நிமிடத்தில் தோள் கழன்றுவிடும். கப்பிங்குக்கு, அதாவது நெருப்புக் காட்டிய கோப்பையைத் தோலில் கவ்வவைப்பதற்கு, அதிகம் மெனக்கெட வேண்டாம். பஞ்சில் ஸ்பிரிட் சொட்டாமல் பிழிந்திருக்கிறீர்களா என்பதே பாதி மார்க்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வை அலட்சியம் செய்யாதீர்கள். எந்தப் புள்ளி எதற்கு என்பதைவிட, எங்கே கூடாது என்பதைத்தான் துருவுவார்கள். எல்ஐ 4, எஸ்பி 6, ஜிபி 21 மூன்று புள்ளிகளும் கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்று பாடம். ஜிபி 21 தோள் மேட்டில் இருக்கிறது, அடியில் நுரையீரலின் நுனி. ஆழம் போனால் காற்று கசிந்து ஆபத்து. ஊசி போட்டதும் ஒருவர் வியர்த்து மயங்கினால்? எல்லா ஊசியையும் எடு, படுக்க வை, காலை உயர்த்து. சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்வீர்களா என்று என்னிடம் கேட்டார்கள். மாட்டேன் என்றேன். அப்படிச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் நம் தொழிலிலும் இருப்பதால்தான் அந்தக் கேள்வி.

இரண்டாம் தடவை படுத்திருந்தவர் ஒல்லியான பெண். அவருடைய விரலை வைத்தே அளந்தேன். ஊசிகளை எடுத்துப் பெட்டியில் போட்டு நிமிர்ந்தபோது தேர்வாளர், "எத்தனை போட்டீங்க, எத்தனை எடுத்தீங்க?" என்றார். ஆறு போட்டிருந்தேன். பெட்டியைத் திறந்து எண்ணினேன். ஐந்து. ஆறாவது, அந்தப் பெண்ணின் கணுக்காலருகே இன்னும் நின்றுகொண்டிருந்தது.