பூகாவில் கொதிக்கும் தண்ணீர்

லடாக் போய் வந்தவர்களிடம் நான் முதலில் கேட்பது, "பூகா பார்த்தீர்களா?" என்பதுதான். பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். த்சோ மோரிரி ஏரிக்குப் போகிற அவசரத்தில், சும்டோ என்ற ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் அந்த வெந்நீர் ஊற்றுப் பள்ளத்தாக்கை விட்டுவிடுகிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

லே நகரிலிருந்து உப்ஷி வழியாகச் சிந்து நதியை ஒட்டியே போக வேண்டும். இது குளிர்ப் பாலைவனம். லேயில் ஆண்டு முழுக்கப் பெய்கிற மழையும் பனியும் சேர்ந்தே 100 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். இருபக்கமும் மொட்டை மலைகள். சுமதாங் என்ற ஊர் வந்ததும் ஆற்றங்கரைக் கற்களுக்கு நடுவே புகை எழும். அருகில் போனால்தான் அது ஆவி என்று புரியும். அங்கிருந்து மாஹே பாலத்தில் ஆற்றைக் கடந்து மேலே ஏறினால் சும்டோ, பிறகு பூகா.

பூகாவில் முதலில் மூக்கில் ஏறுவது கந்தக வாடை. அப்புறம் கண்ணில் படுவது தரையெங்கும் பூத்துக் கிடக்கும் வெள்ளை. பனி என்றுதான் நினைப்போம். அது வெண்காரம்! நாட்டு மருந்துக் கடையில் பொட்டலமாகக் கிடைக்கிற அதே வெண்காரம் இங்கே மண்ணிலேயே படிந்திருக்கிறது. மிதித்தால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. நான் குனிந்து பார்த்த ஒரு குழி சாப்பாட்டுத் தட்டு அகலம்தான் இருக்கும். அதற்குள் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. விளிம்பில் மஞ்சளாகக் கந்தகம் ஒட்டியிருந்தது. வழிந்தோடிய வாய்க்காலில், சூடு கொஞ்சம் தணிகிற இடத்திலிருந்து பச்சையாகப் பாசி படர்ந்திருந்தது.

கொதிக்கிறது என்றால் 100 டிகிரி இல்லை. பூகா சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் அவ்வளவு குறைவு என்பதால் தண்ணீர் 85 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடும். ஊற்று நீரின் சூடும் ஏறக்குறைய அந்த அளவை எட்டுகிறது. கையை விட்டால் வெந்துபோகும், வேண்டவே வேண்டாம். ஊற்றைச் சுற்றித் தரையின் மேலோடு மெல்லியதாக இருக்கும். நடந்து தேய்ந்த தடத்தை விட்டு விலகாதீர்கள்.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதி, நடுவிலிருந்த கடல் மூடிப்போனது. அந்த மோதலின் தையல் கோடு இந்தச் சிந்துப் பகுதியில்தான் ஓடுகிறது. மலையில் உருகும் பனிநீர் பாறை வெடிப்புகளில் ஆழமாக இறங்கி, சூடேறி, வழியில் கந்தகத்தையும் வெண்காரச் சத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. 1970களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இங்கே துளையிட்டு ஆராய்ந்தது. 2021இல் 1 மெகாவாட் புவிவெப்ப மின் திட்டத்துக்கு ஒப்பந்தமும் ஆனது. குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் ஊர்களுக்கு இந்தச் சூடு உதவினால் எனக்குச் சந்தோஷம்தான், பள்ளத்தாக்கைக் குதறாமல் செய்தால்.

குளிக்க ஆசைப்பட்டால் சுமதாங்கிலோ, நுப்ரா பள்ளத்தாக்கில் உள்ள பனாமிக்கிலோ குளிக்கலாம். சுமதாங் கரையில் வெந்நீரும் ஆற்றின் பனிநீரும் கலக்கும் இடங்களில் காலை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே எனக்குப் போதுமாக இருந்தது. லேயில் தங்கி உடம்பை உயரத்துக்குப் பழக்காமல் நேராக வந்து வெந்நீரில் இறங்காதீர்கள். சூட்டில் ரத்த அழுத்தம் இறங்கும், எழும்போது தலை சுற்றும். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து நிறையத் தண்ணீர் குடியுங்கள். மூக்குக்குள் ஊற்று நீர் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். சோப்பும் ஷாம்பூவும் கொண்டு போகாதீர்கள். கரையில் கிழிந்து கிடந்த ஷாம்பூ பாக்கெட்டுகளைப் பார்த்தபோது வயிறெரிந்தது. சாங்பா மேய்ப்பர்களின் ஆடுகள் குடிப்பதும் இந்த ஓடைகளில்தான். பூகாவின் ஓடையும் மாஹே பக்கம் இறங்கிச் சிந்துவில்தான் சேர்கிறது.