ஃபிஸ்க் குறிப்பில் மூன்று வரி

அந்த மூன்று வரியை எடுத்துவிடலாம் என்று ஆசிரியர் சொன்னபோது நான் கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் பேசினேன். அச்சாகிவிட்டது, ஆனாலும் மனசு அங்கேயே நிற்கிறது.

கலைக்களஞ்சியத்துக்கான குறிப்பு அது. வில்பர் ஃபிஸ்க், மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவ சபையின் போதகர். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்டவுனில் 1831இல் தொடங்கிய வெஸ்லியன் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர். போதகருக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்று சபைக்குள்ளேயே பலர் கேட்ட காலம். 1836இல் பேராயராகத் தேர்ந்தெடுத்தார்கள். பல்கலைக்கழக வேலையை விட மனமில்லாமல் மறுத்துவிட்டார். 1839இல் இறக்கும்போது வயது 46.

சிக்கலான அந்த மூன்று வரி 1832இல் நடந்ததைப் பற்றி. சார்லஸ் ரே என்ற கறுப்பின மாணவர் அங்கே சேர்ந்தார். வெள்ளை மாணவர்கள் எதிர்த்தார்கள். சில வாரங்களிலேயே அவர் வெளியேற வேண்டியதாயிற்று. இனி வெள்ளை ஆண்களுக்கு மட்டுமே இடம் என்று அறங்காவலர்கள் தீர்மானமே போட்டார்கள். தலைவர் ஃபிஸ்க்தான்.

"தம்பி, ஒரு மனுஷனோட மொத்த வாழ்க்கை. அதுல சில வாரத்தை எடுத்து முகத்துல ஒட்டணுமா?" என்றார் ஆசிரியர்.

"பேராயர் பதவியை வேண்டாம்னதும் ஒரே ஒரு முடிவுதானே சார்? அதை மட்டும் ஏன் வெச்சிருக்கோம்?"

கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். "சரி, இருக்கட்டும். ஆனா அவர் காலத்தையும் பாரு."

பார்த்தேன். அடிமை முறை தீமை என்று ஒப்புக்கொண்டவர்தான் ஃபிஸ்க். ஆனால் விடுதலையானவர்களை ஆப்பிரிக்காவில் குடியேற்றுவதே வழி என்று நம்பினார். உடனடி ஒழிப்பு கேட்டவர்களை எதிர்த்து எழுதினார். அப்படி உடனடி ஒழிப்பு கேட்ட ஆரஞ்ச் ஸ்காட்டும் அதே காலத்தவர், கனெக்டிகட்டும் அடங்கிய அதே நியூ இங்கிலாந்து வட்டாரத்தின் மெதடிஸ்ட் போதகர். காலத்தின் மேல் பழிபோட்டுவிட்டு நகர முடியவில்லை. நான் பிடிவாதம் பிடித்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

உறுத்துவது வேறு. ரே பின்னாளில் நியூயார்க்கில் போதகரானார், 'கலர்ட் அமெரிக்கன்' பத்திரிகையை நடத்தினார், தப்பி வந்த அடிமைகளுக்கு வழிகாட்டினார். எங்கள் தொகுதியில் அவர் விரட்டப்பட்ட மாணவராக மட்டும், அதுவும் இன்னொருவர் குறிப்புக்குள் வருகிறார். அவருக்காகப் பேசினேனா, ஃபிஸ்க்கின் கணக்கைச் சரிபார்க்க அவரைப் பயன்படுத்திக்கொண்டேனா? தனிக்குறிப்பு கேட்டேன். அடுத்த தொகுதியில் பார்க்கலாம் என்றார் ஆசிரியர்.

எழுதத் தொடங்கிவிட்டேன். அதில் வெஸ்லியனில் கழிந்த அந்தச் சில வாரங்களுக்கு எத்தனை வரி கொடுப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.