ட்ரக்கில் விமான லேண்டிங் லைட்: 14 வோல்ட்டை 13 ஆக்கிய கதை

செஸ்னா, பைப்பர் போன்ற சிறு விமானங்களில் தரையிறங்கும்போது வெளிச்சம் தர வெகுகாலமாகப் பயன்பட்டுவரும் 4509 என்ற எண்ணுடைய சீல்டு பீம் விளக்குகள் (ஒளிரும் இழையும் கண்ணாடியும் ஒரே துண்டாக மூடப்பட்டவை) இரண்டை என் நான்கு சக்கர இயக்க ட்ரக்கின் முன்பக்கத்தில் பொருத்தியிருக்கிறேன். இது பார் 36 (PAR 36) என்ற அளவைச் சேர்ந்தது. அந்த 36 என்பது அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கைக் கொண்டு எண்ணப்படுவதால், விளக்கின் விட்டம் நாலரை அங்குலம் என்று ஆகிறது. ஒரு விளக்கு 13 வோல்ட்டில் 100 வாட் எடுத்துக்கொண்டு, ஒளிக்கற்றையின் நடுவில் ஏறத்தாழ 1,10,000 கேண்டெலா செறிவைத் தருகிறது. கணக்குப் போட்டால், ஒரே விளக்கு சுமார் 330 மீட்டர் தொலைவில் ஒரு லக்ஸ் வெளிச்சம் தரும். முழுநிலவின் ஒளி கால் லக்ஸ் அளவுதான் என்பதை நினைத்தால், அது எத்தகைய வெளிச்சம் என்பது புரியும்.

இந்த விளக்கை வாங்கும் முன் பலரும் பார்க்கத் தவறும் எண் ஒன்று உண்டு: இதன் மதிப்பிடப்பட்ட ஆயுள் வெறும் 25 மணி நேரம். விமானம் ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களுக்கு மட்டுமே இதை எரியவிடும் என்பதால், ஆயுளைக் குறைத்து ஒளியைக் கூட்டும்படி இழையை அமைத்திருக்கிறார்கள். ட்ரக்கில் இரவு முழுவதும் எரியவிட இது ஏற்றதல்ல. ஹை பீமுக்கு எட்டாத தொலைவைச் சற்று நேரம் பார்த்துக்கொள்ளவே இதை மாட்டினேன்.

விளக்கை உட்கார வைக்கும் உறையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கண்ணில் பட்டவை டிராக்டர்களுக்கான ரப்பர் உறைகள். பார் 36 அளவு அவற்றில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். ஆனால் டிராக்டர் விளக்குகள் பொதுவாக 35 வாட் அளவில் இருப்பவை. 100 வாட்டின் சூட்டை அந்த ரப்பர் நெடுநாள் தாங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பறக்கும் விமானத்தில் கண்ணாடி மீது காற்று வேகமாக மோதிக்கொண்டே இருக்கும். நடைவேகத்தில் கற்களின் மேல் ஏறிக்கொண்டிருக்கும் ட்ரக்கில் அந்தக் குளிர்ச்சி கிடையாது. ஆகவே எஃகு உறையை வாங்கி, பிராக்கெட்டுக்கும் பம்பருக்கும் இடையே மட்டும் ரப்பர் புஷ் வைத்தேன். அதிர்வைத் தணிக்க அது போதுமானதாக இருக்கிறது.

கூரையில் மாட்டும் யோசனையைச் சீக்கிரமே கைவிட்டேன். அங்கிருந்து விழும் ஒளி பானெட்டில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்யும். புழுதியும் பார்வைக் கோட்டுக்கு நேராக வெளுத்துத் தெரியும். பம்பர் உயரத்திலிருந்து சாய்வாகப் போகும் ஒளியில் குழிகளின் நிழல் நீண்டு விழுவதால் அவற்றின் ஆழத்தைக் கணிக்க முடிகிறது.

வேலையின் பெரும்பகுதி வயரிங்கில்தான் போயிற்று. பேட்டரிக்குப் பக்கத்திலேயே 20 ஆம்பியர் ஃபியூஸ், அதையடுத்து 30 ஆம்பியர் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் மின்காந்த சுவிட்ச்), அங்கிருந்து விளக்குகளுக்கு வயர் என்பது வழக்கமான அமைப்பு; டேஷ்போர்டு சுவிட்ச் ரிலேயின் சுருளை மட்டும் இயக்குகிறது. எர்த் வயரை ட்ரக்கின் இரும்புச் சட்டகத்தில் மாட்டாமல் பேட்டரி வரை தனியாகவே இழுத்தேன். துருப்பிடித்த போல்ட் ஒன்றால் வோல்ட்டேஜ் கணக்கு மாறிவிடக்கூடாது என்பதே அதற்குக் காரணம்.

விளக்குக்கு வயர் எவ்வளவு தடிமனோ அவ்வளவு நல்லது என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. இந்த விளக்குக்கு அது பொருந்தவில்லை. இழை விளக்கில் ஒளி, வோல்ட்டேஜின் 3.4 மடிக்கு (அடுக்குக்கு) ஏற்பக் கூடும். ஆயுளோ ஏறத்தாழ 12 மடிக்கு ஏற்பக் குறையும். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 14.2 வோல்ட் இருக்கிறது. அது அப்படியே விளக்குக்குப் போனால் ஒளி 35 சதவீதம் கூடும். ஆனால் 25 மணி நேர ஆயுள் ஒன்பது மணிக்கும் கீழே இறங்கிவிடும். முதலில் 4 சதுர மில்லிமீட்டர் வயரில் சோதித்தபோது, விளக்கின் பின்புறத் திருகுகளில் மல்டிமீட்டர் முனைகளை வைத்துப் பார்த்தால் 13.4 வோல்ட் காட்டியது. கணக்குப்படி ஆயுள் சுமார் 17 மணி. அதன்பின் 2.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு மாறினேன். போகவர மொத்தம் எட்டு மீட்டர் நீளத்தில், இரண்டு விளக்குகளும் சேர்ந்து இழுக்கும் 15 ஆம்பியருக்கு வயரில் கிட்டத்தட்ட 0.9 வோல்ட்டும், ஃபியூஸ், ரிலே இணைப்புகளில் இன்னும் சிறிதும் குறைந்து, விளக்கில் 13.1 வந்து நின்றது. இந்த மின்னோட்டத்தை அந்த வயர் சூடேறாமல் தாங்குகிறது; என்றாலும் என்ஜின் சூடு படாத பாதையில்தான் அதைக் கொண்டுபோயிருக்கிறேன். மற்ற விளக்குகளில் நஷ்டமாகக் கருதப்படும் வோல்ட்டேஜ் இழப்பு, இங்கே நானே விரும்பி வைத்துக்கொண்ட ஒன்று.

உறைக்குள் விளக்கை எந்தக் கோணத்தில் வைப்பது என்பதும் முக்கியம். சுவரில் வெளிச்சம் அடித்துப் பார்த்தால் ஒளி வட்டமாக விழாமல் நீள்வட்டமாக விழுகிறது; விளக்கைத் திருப்பினால் அந்த நீள்வட்டமும் கூடவே சுழல்கிறது. அது செங்குத்தாக நின்றுவிட்டால் பாதி ஒளி மரக்கிளைகளுக்கும் பாதி டயருக்கு முன்னாலும் போய்விடும். நீள்வட்டம் படுத்திருக்கும்படி அமைத்து, மேல் விளிம்பில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவைத்தேன். பல்பு மாற்றும்போது மறுபடியும் சுவரைத் தேட வேண்டியதில்லை.

ஓட்டிப் பார்த்ததில், நேரான பாதையில் தூரத்துப் பாறையும் திருப்பமும் தெளிவாகத் தெரிகின்றன. வளைவுகளில் இந்த விளக்கால் எந்தப் பயனும் இல்லை. பக்கவாட்டு வெளிச்சத்துக்கு அகலமான ஃபாக் லைட்டுகளையே நம்பியிருக்கிறேன். ஓடையில் இறங்கும் முன் இரண்டையும் அணைத்துச் சற்று ஆறவிடுகிறேன், ஏனென்றால் சுடுகிற கண்ணாடியில் குளிர்ந்த நீர் படுவது நல்லதல்ல. இவை பொதுச் சாலைக்கு அங்கீகரிக்கப்பட்டவை அல்ல என்பதால், அங்கே ஏறும் முன் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு விளக்குகளின் மேல் மூடி போட்டுவிடுகிறேன்.

இதே அளவில் எல்இடி விளக்குகளும் கிடைக்கின்றன. மின்சாரமும் குறைவு, ஆயுளும் பல மடங்கு. புழுதியில் அந்த நீலம் கலந்த வெள்ளை ஒளியைவிட இழையின் மஞ்சள் கலந்த ஒளியே என் கண்ணுக்கு இதமாக இருப்பதால் இப்போதைக்கு மாற்றப் போவதில்லை. கருவிப் பெட்டியில் ஒரு 4509 உபரியாகத் துணி சுற்றிக் கிடக்கிறது.