ஆமா போடுகிறவன்: படப்பிடிப்பு நாட்குறிப்பு

ஜூலை 7, 2024

ஒழுகினசேரியில் ஒத்திகைக்கு வீடு கிடைத்துவிட்டது. வாடகை பேசப் போன இயக்குநர், "1908இல் கலைவாணர் பிறந்த ஊர், அவரும் நாடகக் கம்பெனியோடு ஊர் ஊராக அலைந்தவர்தானே" என்று ஆரம்பித்தார். வீட்டுக்காரர் பாதிதான் கேட்டார், வாடகையில் பாதியைக் குறைத்துவிட்டார்.

கதை சின்னது. கோயில் கொடைவிழா ஒவ்வொன்றுக்கும் வேனில் போகும் வில்லுப்பாட்டுக் குழு. வலத்தே, அதாவது வலப்பக்கம் இருந்து, பாடும் புலவரும் இடப்பக்கம் இருந்து ஆமா போட்டு, இடத்தே பாடுகிறவரும் இருபது வருடச் சேக்காளிகள். கைமாற்றுப் பணத்தால் பேச்சு நின்றுபோகிறது. ஆனால் அச்சாரம் வாங்கியாயிற்று. வேனில் முகம் பார்க்காதவர், மேடையில் புலவர் எதைப் பாடினாலும் "ஆமா" போட்டே ஆக வேண்டும். புலவரும் விடுவதாயில்லை. இசக்கியம்மன் கதைக்கு நடுவில், கடனைத் திருப்பாத ஒருத்தனை நுழைக்கிறார். "ஆமா."

படத்தில் மொத்தம் ஏழு பேர். எனக்கு ஒலிப்பதிவு. சாப்பாடு வாங்குவதும் நான்தான்.

ஜூலை 9, செவ்வாய்

முப்பந்தல். வேன் பழுதாகி நிற்கும் காட்சி. ஆனி மாதத்தில் இங்கே மைக் பிடிக்கலாம் என்று நினைத்தவனை என்ன சொல்ல? (நான்தான்.) தென்மேற்குக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கிக்கொண்டு வருகிறது. இத்தனை காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன! மைக்குக்கு மாட்டும் ரோமத்தொப்பியே பறந்து போனது. பத்து டேக். ஒன்றும் தேறாது. டப்பிங் பண்ணலாம் என்கிறார்கள், எனக்கு மனசில்லை.

ஜூலை 10

மழை. ரசவடை.

ஜூலை 12

முப்பது வருடம் இடத்தே பாடிய பெரியவர் ஒருவர் ஒத்திகைக்கு வந்தார். நம் நடிகர் நல்ல நடிகர்தான், ஆனால் அவருடைய "ஆமா" ஒவ்வொன்றும் வசனமாக விழுகிறது. புலவர் வரியை முடிக்குமுன்னே மிதித்துவிடுகிறார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "மக்கா, நீ அவன் வாயப் பாக்க. வீசுகோலப் பாரு. கோலு நாண்ல விழும்போ நீ மூச்ச எடு. மிச்சம் தன்னால வரும், கேட்டியா?"

அப்புறம் செய்து காட்டினார். ராத்திரி இரண்டு மணிக்குத் தூங்கிக்கொண்டே போடும் ஆமா. பசியில் போடும் ஆமா. "நீ சொல்லுகது பச்சப் பொய்யி" என்று ஊருக்குத் தெரியாமல் புலவருக்கு மட்டும் சொல்லும் ஆமா. இந்த மூன்றாவதில் உடுக்கை அடிக்கிறவர் சிரித்துச் சிரித்துத் தாளத்தை விட்டார். எல்லாவற்றையும் பதிந்துகொண்டேன்.

சாயா குடிக்கும்போது, படம் எப்படி முடியும் என்று கேட்டார். சமாதானம் ஆகிவிடுவார்கள் என்றார் இயக்குநர். பெரியவருக்குப் பிடிக்கவில்லை. அவரும் அவருடைய புலவரும் ஒரு பங்குனி முழுக்கப் பேசிக்கொள்ளவில்லையாம். "சமாதானம் எல்லாம் ஒண்ணும் ஆகல. ஒரு நாளு பஸ்ல ஜன்னல் சீட்ட எனக்குத் தந்தான். அவ்வளவுதான்."

இயக்குநர் ராத்திரியே கடைசிக் காட்சியை அடித்துவிட்டார். நாங்கள் செலவழித்து வாங்கிய ஒரு கோயில் மேடை அனுமதி வீண். சரி, போகட்டும்.

ஜூலை 15

முப்பந்தல் டேக்குகளைத் திரும்பக் கேட்டேன். ஏழாவதில் ஒரு விஷயம். புலவர் வேனுக்கு முன்னால் நின்று என்னவோ கத்துகிறார், காற்றில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. வேனுக்குள் இருந்த மைக்கில் மட்டும், பழக்க தோஷத்தில், மற்றவருடைய குரல் சுத்தமாக விழுந்திருக்கிறது: "ஆமா."

இயக்குநரிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். மூன்று தடவை கேட்டார். டப்பிங் பேச்சு அதோடு நின்றது.

நாளை தோவாளை பூச்சந்தை. விடிகாலை மூன்றரைக்கு வேன். ஜன்னல் சீட்டு யாருக்கு என்று இப்போதே சண்டை.