கண் திறக்கவில்லை என்றால் தூங்குகிறார் என்று அர்த்தமில்லை

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிற ஒருவர் "எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது டாக்டர்" என்று சொன்னால் மனம் முதலில் பக்கவாதத்துக்குத்தான் ஓடும். ஓடுவதில் தப்பில்லை, அதுதான் அதிகம் வருகிறது. ஆனால் பார்வை இரட்டையாகத் தெரிவதோடு இரண்டு இமைகளும் ஒன்றுபோலத் தொங்குகின்றன, வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொள்கிறது, பேச்சு மூக்கால் வருகிறது, தண்ணீர் விழுங்க முடியவில்லை, ஆனால் காய்ச்சல் இல்லை, கிள்ளினால் வலி தெரிகிறது, கேட்ட கேள்விக்கெல்லாம் தெளிவாகப் பதில் வருகிறது என்றால் அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பொட்டுலிசம், அதாவது ஒரு கிருமியின் நச்சால் தசைகள் செயலிழக்கும் நோய், இப்படித்தான் வரும். முகத்தில் ஆரம்பித்து கழுத்து, தோள், கை, மூச்சுத் தசை, கால் என்று மேலிருந்து கீழே இறங்கும், இரண்டு பக்கமும் சமமாக. நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோய் பெரும்பாலும் காலிலிருந்து மேலே ஏறுவது, அதனால் இந்தத் திசையைக் கவனிப்பதே பாதி நோயறிதல்.

நான் தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர். அப்படி வந்த ஒருவருக்கு மூளை ஸ்கேனில் ஒன்றுமில்லை, முதுகுத் தண்டு நீரும் சரியாக இருந்தது. மூத்த மருத்துவர் ஸ்கேனை வைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டு, "நேத்தும் முந்தாநாளும் என்னம்மா சாப்பிட்டார்?" என்று பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார். வீட்டில் வேகவைத்து ஜாடியில் அடைத்து வைத்திருந்த காய்கறி என்று வந்தது. அந்த அம்மாவும் ஒரு வாய் சாப்பிட்டிருந்தார், அவரையும் அங்கேயே உட்கார வைத்துப் பரிசோதித்தோம். சாப்பிட்டு பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்துக்குள் அறிகுறி தொடங்கும், சிலருக்கு ஒரு வாரம்கூட ஆகலாம் என்பதால் ஒரே பரிசோதனையோடு அவரை அனுப்பிவிட முடியாது.

இந்த நச்சு நரம்பை அழிப்பதில்லை. நரம்பு முனையிலிருந்து தசைக்குக் கட்டளை கொண்டுபோகிற அசிட்டைல்கோலின் வெளியே வராமல் தடுக்கிறது, அவ்வளவுதான். ஆன்டிடாக்சின் என்கிற நச்சு முறிப்பு மருந்து ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் நச்சை மட்டுமே பிடிக்கும், நரம்புக்குள் போய்விட்டதை ஒன்றும் செய்யாது. அதனால்தான் மருந்தைச் சீக்கிரம் கொடுக்க வேண்டும் என்பது. ரத்தம், மலம், மிச்ச உணவு எல்லாம் ஆய்வகத்துக்குப் போகட்டும், எலியில் செய்யும் சோதனைக்குச் சில நாட்கள் பிடிக்கும், அந்த முடிவு வரட்டும் என்று மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. என்னைக் கேட்டால், படுக்கைக்குப் பக்கத்தில் நின்று சந்தேகப்படுகிற மருத்துவரின் கண்தான் முதல் சோதனை.

அப்புறம் மூச்சு. மானிட்டரில் ஆக்ஸிஜன் அளவு நன்றாக இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது, அது கடைசியில்தான் இறங்கும். ஒரே மூச்சில் எதுவரை எண்ண முடிகிறது என்று அவரை எண்ணச் சொல்லிக்கொண்டே இருந்தோம். எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் குறைந்தது, கழுத்தைத் தலையணையிலிருந்து தூக்க முடியாமல் போனது, சரி என்று திணறல் வரும் முன்னே வெண்டிலேட்டரில் போட்டோம்.

அதற்குப் பிறகுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயம் வருகிறது. வெண்டிலேட்டரில் இருப்பவர் கண் திறக்கவில்லை, விரல் அசையவில்லை, முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. சுற்றி நிற்கிற நாம் என்ன செய்கிறோம்? அவர் அங்கே இல்லாததுபோல பேசுகிறோம். இந்த நோயில் நினைவு முழுசாக இருக்கிறது, காது கேட்கிறது, ஊசி போட்டால் வலிக்கிறது, சொல்லத்தான் முடியவில்லை. எங்கள் சிஸ்டர் ஒருவர் ஒவ்வொரு முறையும் விரலால் அவருடைய இமையை மெதுவாகத் தூக்கி, தன் முகத்தை அவர் பார்வைக்கு நேராகக் கொண்டுபோய், "அண்ணா, இப்ப சளி எடுக்கப் போறேன், கொஞ்சம் கஷ்டமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார். கட்டை விரல் நுனியில் மிஞ்சியிருந்த சிறு அசைவை அவர்தான் கண்டுபிடித்தார். ஒரு அசைவு ஆமாம், இரண்டு இல்லை. வலியா, பயமா, லைட்டை அணைக்கட்டுமா எல்லாம் அதில்தான் கேட்டோம். நரம்பு முனை புதிதாகக் கிளைவிட்டு தசையைத் தொட வாரங்கள், மாதங்கள் ஆகும். அத்தனை நாளும் விழித்திருக்கிற ஒரு மனிதர் அவர். உலக சுகாதார நிறுவனம் இந்த நோயில் 5 முதல் 10 சதவீதம் பேர் இறப்பதாகச் சொல்கிறது. மீதிப் பேர் பிழைப்பதில் மருந்துக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இந்தப் பராமரிப்புக்கும் உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் "நல்லாக் கொதிக்க வெச்சுத்தானே மூடினேன்" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கொதிநீர் 100 டிகிரிதான். இந்த நச்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் கிருமியின் வித்துகள், அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கும் அதன் வடிவம், அதைத் தாங்கிக்கொள்ளும், அவை சாக 121 டிகிரி வேண்டும், அழுத்தத்தில் வேகவைத்தால்தான் அந்தச் சூடு கிடைக்கும். மற்ற கிருமிகள் செத்து, காற்றும் இல்லாமல், புளிப்பும் இல்லாமல் அறைச் சூட்டில் இருக்கிற ஜாடி இந்த வித்துகள் முளைக்கத் தோதான இடம். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 4.6-க்குக் கீழே, அதாவது புளிப்பு கூடுதலாக இருந்தால் வளராது. எண்ணெயில் ஊறப்போட்ட பூண்டும் இதே ஆபத்துதான், ஃப்ரிட்ஜில் வைத்துச் சில நாளில் தீர்த்துவிட வேண்டும். வித்து பிடிவாதக்காரன் என்றாலும் நச்சு அப்படியில்லை. உள்ளே எல்லா இடமும் 85 டிகிரியில் 5 நிமிடத்துக்கு மேல் சூடானால் செயலிழந்துவிடும்.

கைக்குழந்தைகளின் கதை வேறு. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் வித்தே முளைத்து நச்சை உண்டாக்கும், 1976-ல்தான் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டார்கள். மலச்சிக்கல், பால் குடிப்பதில் சோர்வு, பலவீனமான அழுகை, தலை நிற்காமை என்று வரும். தேனில் இந்த வித்து இருக்கலாம், அதனால் ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூடக் கூடாது.

உப்பிய டப்பா, மூடியைத் திறந்ததும் பீய்ச்சியடிக்கிற ஜாடி இவற்றைச் சாப்பிடக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். பார்க்க நன்றாக இருப்பதிலும் நச்சு இருக்கலாம், வாசனை காட்டிக்கொடுக்காது. கெட்டுவிட்டதா என்று நாக்கு நுனியில் வைத்துப் பார்க்காதீர்கள். வீட்டில் யாருக்காவது அறிகுறி வந்திருந்தால் மிச்சத்தைக் கொட்டவும் வேண்டாம், இறுக மூடி, நோயாளியோடு ஆஸ்பத்திரிக்கே எடுத்து வாருங்கள்.